ஆர்32 ஜிடி-ஆரா, ஏ80 சூப்ராவா? ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, டொயோட்டா சூப்ரா ஏ80. இந்த இரண்டில் எது வேகம், எதை வாங்கி வைத்தால் மதிப்பு நிற்கும் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கேட்லாக்கை விரித்து எண்களைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதில்தான் சிக்கல். ஜப்பானில் வந்த இரண்டு கேட்லாக்கிலும் ஒரே எண்தான் இருக்கும், 280 குதிரைத்திறன். 1989-ல் ஜப்பான் கார் கம்பெனிகள் இதற்கு மேல் எழுதுவதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன. 2004-ல் ஹோண்டா தன் லெஜண்ட் காருக்கு 300 என்று அறிவிக்கும் வரை எல்லோரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றார்கள், குறைந்தபட்சம் பேப்பரில். இதே சூப்ரா கப்பலேறி அமெரிக்கா போனதும் 320 ஆகிவிட்டது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போவின் டர்பைன் செராமிக்குக்குப் பதில் எஃகு, இன்ஜெக்டர் கொஞ்சம் பெரிது, மற்றபடி கிட்டத்தட்ட அதே இன்ஜின்தான்.

அதனால் 280-ஐ ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த வேகம் எந்த இடத்தில், எப்படி வருகிறது. இன்னொன்று, உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு கார் எவ்வளவு தூரம் ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. முதலாவதில் மாடலுக்கு மாடல் ஒப்பிடலாம். இரண்டாவதில் மாடல் பெயரை மறந்துவிட்டுக் காருக்குக் கார் ஒப்பிட வேண்டும். எனக்கு ஆர்32 மேல் கொஞ்சம் சாய்வு உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த ஆர்32, எந்த சூப்ரா என்று முடிவு செய்யுங்கள். ஸ்கைலைன் ஆர்32 என்பது ஒரு பெரிய குடும்பம், அதில் ஜிடி-ஆர் ஒரு பிள்ளை மட்டும்தான். சேசிஸ் எண் பிஎன்ஆர்32 என்று தொடங்கினால் ஜிடி-ஆர். எச்சிஆர்32 என்று தொடங்கினால் அது ஜிடிஎஸ்-டி, 2 லிட்டர் டர்போ, பின்சக்கர டிரைவ். நல்ல கார்தான், ஆனால் வேறு கார். சூப்ராவில் இது இன்னும் குழப்பம், ஏனென்றால் டர்போ உள்ளதும் இல்லாததும் வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சேசிஸ் எண்ணும் இரண்டுக்குமே ஜேஇசட்ஏ80 என்றுதான் தொடங்கும். ஜப்பானில் எஸ்இசட் என்று விற்றது டர்போ இல்லாதது, ஆர்இசட் என்பது இரட்டை டர்போ. டர்போ காரிலேயே 6 கியர் மேனுவல் வேறு, 4 கியர் ஆட்டோமேட்டிக் வேறு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது பிஎன்ஆர்32-ஐயும், மேனுவல் கியர்பாக்ஸோடு வந்த ஆர்இசட்டையும். ஜிடி-ஆரோடு டர்போ இல்லாத சூப்ராவை நிறுத்தி "பார்த்தியா, எது ஜெயிக்குது" என்று கேட்பது ஒப்பீடே இல்லை.

இப்போது ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஜப்பான் கேட்லாக்கில் அந்தக் காலத்தில் டார்க்கை, அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையை, கேஜி-எம் என்ற அலகில் எழுதுவார்கள். ஜிடி-ஆருக்கு 36, அது கிடைப்பது 4,400 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 4,400 சுற்று சுற்றும்போது. 1993-ல் வந்த சூப்ராவுக்கு 44, கிடைப்பது 3,600-ல். 36-ஐ 4,400-ஆல் பெருக்குங்கள், 1,58,400 வரும். 44-ஐ 3,600-ஆல் பெருக்குங்கள். அதே 1,58,400! இந்த எண்ணை 716-ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் இன்ஜின் தரும் குதிரைத்திறன் வந்துவிடும், சுமார் 221. ஆக, ஜிடி-ஆர் 4,400-ல் கொடுப்பதை சூப்ரா 800 சுற்று முன்னாலேயே கொடுத்துவிடுகிறது. உச்சத்துக்கும் இதே கதைதான். ஜிடி-ஆர் தன் 280-ஐத் தொடுவது 6,800-ல், சூப்ரா 5,600-ல். இரண்டு கேட்லாக்கும் 280 என்று எழுதினாலும் ஓட்டும்போது ஏன் இரண்டு வேறு கார்களாகத் தெரிகின்றன என்பதற்குப் பாதி விடை இந்தப் பெருக்கலிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி இன்ஜினுக்குள். இரண்டுமே ஒரே வரிசையில் 6 சிலிண்டர், இரண்டுக்குமே வார்ப்பிரும்பு பிளாக், இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர். வித்தியாசம் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தில். நிசானின் ஆர்பி26டிஇடிடி-யில் அது 73.7 மில்லிமீட்டர், டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ-யில் 86. குறைந்த தூரம் போகும் பிஸ்டன் வேகமாகச் சுற்றுவதற்கு அலுத்துக்கொள்ளாது, நீண்ட தூரம் போவது கீழ்ச் சுற்றிலேயே நன்றாக இழுக்கும். நிசான் 2,568 சிசி என்று இப்படி ஒரு விசித்திரமான அளவில் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. குரூப் ஏ என்ற டூரிங் கார் பந்தய வகையின் விதிப்படி டர்போ இன்ஜினின் அளவை 1.7-ஆல் பெருக்கித்தான் வகுப்பைத் தீர்மானிப்பார்கள். பெருக்கிப் பாருங்கள், சுமார் 4,366 வரும், 4,500-க்குள் அடங்கும் வகுப்பில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ரேஸுக்காகவே அளவெடுத்துத் தைத்த இன்ஜின் அது. சூப்ராவின் 2,997 சிசி அப்படி இல்லை, நீண்ட தூரம் அலுங்காமல் ஓடும் பெரிய காருக்கான 3 லிட்டர்.

டர்போ விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் காரைச் சோதிக்கும்போது இது கைகொடுக்கும். ஜிடி-ஆரில் இரண்டு டர்போவும் இணையாக வேலை செய்யும். முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்தே எழும். அதோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைத் திறந்துவிடும் தனித்தனி த்ராட்டில், மொத்தம் ஆறு, அதனால் கால் அசைத்ததும் இன்ஜின் பதில் சொல்லும். சூப்ராவில் இரண்டும் வரிசையாக வரும். கீழ்ச் சுற்றில் ஒரு டர்போ மட்டும் தனியாக வேலை பார்க்கும், 4,000 ஆர்பிஎம் பக்கம் போனதும் வால்வுகள் திறந்து இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர் இருந்தால் அந்த இடத்தில் முள் ஒரு கணம் லேசாகத் தாழ்ந்து மறுபடி எழுவது கண்ணுக்கே தெரியும். முதுகிலும் தெரியும்.

எடை? ஜிடி-ஆர் 1,430 கிலோ, மேனுவல் ஆர்இசட் 1,510 கிலோ. ஒரு குதிரைத்திறனுக்கு 5.1 கிலோ, 5.4 கிலோ என்று வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் கரைந்துவிடும்.

பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சக்தி ரோட்டுக்குப் போகும் வழியை. சூப்ரா பின்சக்கர டிரைவ், அவ்வளவுதான். ஜிடி-ஆரின் அட்டெசா ஈ-டிஎஸ் என்பது வழக்கமான நான்கு சக்கர டிரைவ் இல்லை. சாதாரணமாக ஓடும்போது அதுவும் பின்சக்கர கார்தான். பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்ததும், ஆயில் அழுத்தத்தில் இறுகும் பல தட்டு கிளட்ச் ஒன்று, தேவைக்கேற்ப பாதி வரைக்கும் முன்சக்கரத்துக்கு அனுப்பும். இது எப்போது நடக்கிறது என்று ஊகிக்கவே வேண்டாம், டேஷ்போர்டின் நடுவில் முன்சக்கர டார்க்குக்கென்றே ஒரு மீட்டர் இருக்கிறது. நேர் ரோட்டில் மெதுவாகப் போகும்போது முள் பூஜ்யத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும். ஈரமான வளைவில் பாதி தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதியுங்கள், பின்பக்கம் லேசாக வெளியே நகரும், அடுத்த நொடி முள் துள்ளும், காரை யாரோ முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்த மாதிரி வளைவிலிருந்து நேராக வெளியே வந்துவிடுவீர்கள். இதே காரியத்தை சூப்ராவில், அதே ஈரத்தில், அதே தைரியத்தோடு செய்தால் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். காய்ந்த, அகலமான, நீண்ட ரோடு என்றால் கதை தலைகீழ். அங்கே சூப்ராவின் டார்க் அலட்டிக்கொள்ளாமல் போய்க்கொண்டே இருக்கும், ஜிடி-ஆர் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே செயல்திறனை ஒப்பிடும்போது "எது வேகம்" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்காமல், நீங்கள் எந்த மாதிரி ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை, மழை, டிராக் என்றால் ஜிடி-ஆர். நெடுஞ்சாலை, நீண்ட பயணம் என்றால் சூப்ரா. பிரேக்கில் ஆரம்பகால ஜிடி-ஆர் கொஞ்சம் பலவீனம்தான், நிசானே 1993-ல் வி-ஸ்பெக் என்ற பெயரில் பிரெம்போ பிரேக்கும் 17 அங்குலச் சக்கரமும் போட்டு அதை ஒத்துக்கொண்டது. கியர்பாக்ஸில் கெட்ராக் என்ற ஜெர்மன் கம்பெனி செய்த சூப்ராவின் 6 கியர் பாக்ஸ் ஒரு படி மேல், ஆனால் கெட்டுப்போனால் மாற்றுவதற்கு ஆகும் செலவும் அதே மாதிரி பல படி மேல்.

அப்புறம் அந்த 1,000 குதிரைத்திறன் பேச்சு. 2ஜேஇசட் பிளாக்கைத் திறக்காமலேயே அவ்வளவு எடுக்கலாம், இவ்வளவு எடுக்கலாம் என்று சூப்ராக்காரர்கள் சொல்லுவார்கள், அந்தப் பிளாக் நிஜமாகவே முரட்டுப் பிளாக்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சேகரிப்புக்காகப் பார்க்கிற ஆளுக்கு இந்தப் பேச்சில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஒற்றைப் பெரிய டர்போ போட்ட சூப்ராவை வாங்கும்போது நீங்கள் டொயோட்டாவின் காரை வாங்கவில்லை, யாரோ ஒருவர் தன் ஷெட்டில் வைத்து முடிவு செய்த காரை வாங்குகிறீர்கள். அது நல்ல முடிவாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு கேட்லாக் கிடையாது. எதோடு ஒப்பிடுவீர்கள்?

சரி, காருக்குப் போவோம். பாக்கெட்டில் ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவது போதும். ஜிடி-ஆரின் பானெட்டும் முன் ஃபெண்டர் இரண்டும் அலுமினியம். காந்தம் ஒட்டக்கூடாது. சில வருடம் முன்பு நண்பன் ஒருவன் ஒரு ஆர்32 பார்க்கப் போகிறேன், நீயும் வா என்று கூப்பிட்டான். கார் பளபளவென்று இருந்தது, விற்கிறவர் நல்ல பேச்சுக்காரர், இன்ஜின் சத்தமும் காதுக்கு இதமாக இருந்தது. சும்மா முன் ஃபெண்டரில் சாய்ந்து நிற்கிற மாதிரி காந்தத்தை வைத்தேன், பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. பானெட்டில் வைத்தால் ஒட்டவில்லை. அப்படியென்றால் பானெட் ஜிடி-ஆருடையது, ஃபெண்டர் இல்லை. எப்போதோ முன்பக்கம் பலமாக அடிபட்டு, கிடைத்ததைப் பொருத்தியிருக்கிறார்கள். கேட்டதற்கு "சின்ன உரசல்தான்" என்றார். ஃபெண்டரையே மாற்றுகிற சின்ன உரசல். நண்பனும் நானும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். சூப்ராவிலும் பானெட் அலுமினியம்தான், அங்கேயும் இந்தச் சோதனை செல்லும், ஃபெண்டரில் மட்டும் செல்லாது, ஏனென்றால் அது இரும்பு.

பானெட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்க்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் துடைத்து வைத்திருப்பார்கள். ஜிடி-ஆரில் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரைப் பாருங்கள். அங்கே சேசிஸ் எண் உலோகத்திலேயே அடித்திருக்கும், பக்கத்தில் நீல நிறத் தகடு ஒன்று. அந்தத் தகட்டில் மாடல் குறியீடும் பெயிண்ட் குறியீடும் இருக்கும். கேஎச்2 என்று எழுதியிருந்தால் அது கன் கிரே, ஜிடி-ஆருக்கே அடையாளமான அந்த அடர் சாம்பல் நிறம். தகடு கேஎச்2 என்று சொல்லுகிறது, கார் வெள்ளையாக நிற்கிறது என்றால் நிறம் மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு நல்ல பதிலும் இருக்கலாம், கெட்ட பதிலும் இருக்கலாம், ஆனால் சேகரிப்பு மதிப்பில் அது ஒரு வெட்டுதான். சூப்ராவிலும் இதே போல மாடல், நிறம் குறித்த தகடு உண்டு. அதிலுள்ள முழு மாடல் குறியீட்டை எழுதிக்கொண்டு வந்து, அது டர்போவோடு, மேனுவலாகப் பிறந்த காரா என்று சரிபாருங்கள். டர்போ இல்லாததில் டர்போ இன்ஜினை இறக்குவதும், ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக்குவதும் சூப்ரா உலகில் தினசரி நடக்கிற வேலை. ஓட்டுவதற்கு ஒன்றும் குறை இருக்காது, விலைதான் வேறு.

துருவை நிதானமாகத் தேடுங்கள். ஜிடி-ஆரில் பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே உள்ள சில், ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்க சஸ்பென்ஷன் கோபுரத்தின் மேல்பகுதி, டிக்கியின் அடி விரிப்புக்குக் கீழே. விரிப்பைத் தூக்காமல் பார்த்ததாகக் கணக்கில்லை. 30 வருடம் தாண்டிய கார், அதில் எங்கேயுமே துரு இல்லை என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எங்கே புதுப் பெயிண்ட் என்று தேடுங்கள். சூப்ராவில் கூரை கழற்றும் மாடலாக இருந்தால் அந்த ரப்பர்களையும், சீட்டுக்கடியில் கார்பெட் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜினை ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். போகும்போதே வண்டி சூடாக இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை எழுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். சூப்ராவில் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டினால் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல், அது பேரம் பேசுவதற்கு உதவும் குறை, ஓடிவிட வேண்டிய குறை இல்லை. கிராங்க் புல்லியையும் பாருங்கள், அதன் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவில் உள்ள ரப்பர் வருடக்கணக்கில் இற்றுப்போய்ப் பிரியும். சுற்றும்போது புல்லி ஆடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜிடி-ஆரில் கவலை ஆயில் பம்ப். ஆரம்ப வருடக் கார்களில் கிராங்க் முனையில் பம்ப்பைப் பிடிக்கும் தட்டையான பகுதி குறுகலாக இருக்கும், உயர் சுற்றில் அடிக்கடி விரட்டினால் பம்ப்பின் கியர் உடையும், உடைந்தால் இன்ஜின் போச்சு. பிற்பாடு நிசான் அதை அகலமாக்கியது. இன்ஜினை எப்போதாவது பிரித்திருந்தால் இந்த வேலை செய்திருக்கிறார்களா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு காரிலும் டைமிங் பெல்ட் உண்டு, கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குப் பேப்பர் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

செராமிக் டர்பைன் இரண்டிலுமே பொதுவான தலைவலி, ஜப்பான் கார்களில். ஃபேக்டரி பூஸ்ட்டில் வருடக்கணக்கில் ஓடும், பூஸ்ட்டைக் கூட்டினால் ஒருநாள் பொடியாகும். எனவே பூஸ்ட் கண்ட்ரோலர் எங்காவது ஒட்டியிருக்கிறதா, முன்பு இருந்து கழற்றிய திருகு ஓட்டை டேஷ்போர்டில் தெரிகிறதா என்று பாருங்கள். கழற்றிய ஓட்டை பொய் சொல்லாது. ஓட்டிப் பார்க்கும்போது சூப்ராவில் நான் முன்பு சொன்ன அந்தத் தாழ்ந்து எழும் இடம் வருகிறதா என்று கவனியுங்கள். 4,000 தாண்டியும் இரண்டாவது டர்போ வந்து சேரவில்லை என்றால் பழைய வேக்குவம் குழாய்கள் வெடித்திருக்கலாம், வால்வு ஏதாவது சிக்கியிருக்கலாம். தாழ்வே இல்லாமல், கீழே சோம்பலாக இருந்து மேலே ஒரேயடியாக வந்தால் யாரோ இரண்டு டர்போவையும் இணையாக மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஜிடி-ஆரில் நான்கு சக்கர டிரைவ் விளக்கும், பின்சக்கரத்தைத் திருப்பும் ஹைகாஸ் விளக்கும் சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கும் அளவுக்கு நான் சந்தேகப் பிராணி.

ஓடோமீட்டரை நம்பி மதிப்புப் போட வேண்டாம். இரண்டு கார்களின் ஜப்பான் ஸ்பீடோமீட்டரும் 180-ல் நின்றுவிடும், அதனால் அதைக் கழற்றி 260 அல்லது 300 வரை போகும் நிஸ்மோ (நிசானின் பந்தயப் பிரிவு) மீட்டர் போடுவது ஜிடி-ஆர்காரர்களுக்குப் பிடித்த வேலை. மீட்டர் மாறினால் கிலோமீட்டரும் புதிதாக ஆரம்பிக்கும். ஜப்பான் ஏல ஷீட் இருந்தால் வாங்கிப் படியுங்கள். அதில் மேலே ஒரு கிரேடு இருக்கும், 4, 4.5 என்றால் நல்லது, ஆர் என்று இருந்தால் அடிபட்டு ரிப்பேர் ஆன வரலாறு உண்டு. அதைவிடக் கீழே கார் படத்தில் கிறுக்கியிருக்கும் குறிகள்தான் முக்கியம், பாடியின் எந்தப் பேனலை மாற்றினார்கள், எங்கே கீறல் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சேகரிப்பு மதிப்பு என்று வரும்போது இந்த இரண்டு காரும் பெயர் வாங்கிய இடமே வேறு. ஜிடி-ஆர் வாங்கியது ரேஸ் டிராக்கில். 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் 29 ரேஸ், 29-லும் வெற்றி. ஆஸ்திரேலியாவில் 1991, 1992 இரண்டு வருடமும் பாதர்ஸ்ட் ரேஸை ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் இதில்தான் ஜெயித்தார்கள். காட்ஸில்லா என்ற பட்டப்பெயரை வைத்ததும் ஆஸ்திரேலியப் பத்திரிகைதான். சூப்ராவும் ஜப்பான் ஜிடி பந்தயத்தில் 1997-ல் சாம்பியன், ஆனால் ஒரு வேடிக்கை, அந்த ரேஸ் காருக்குள் இருந்தது புகழ்பெற்ற 2ஜேஇசட் இல்லை, 3எஸ்-ஜிடிஇ என்ற 4 சிலிண்டர் 2 லிட்டர் இன்ஜின்! சூப்ராவின் புகழ் திரையிலும் வீடியோ கேமிலும் வளர்ந்தது. 2001-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் ஓடிய ஆரஞ்சு சூப்ரா 2021 ஜூனில் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 5,50,000 டாலருக்குப் போனது. அந்த விலையைக் காட்டி உங்களிடம் ஒரு சாதாரண சூப்ராவுக்கு விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அங்கே விலை போனது படத்துக்கு.

அரிதா என்று கேட்டால், ஆர்32 ஜிடி-ஆர் 1989 ஆகஸ்டிலிருந்து 1994 வரை 44 ஆயிரம் பக்கம் தயாரானது. அது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆகவே சாதாரண ஜிடி-ஆர் அரிய கார் இல்லை, மாற்றம் செய்யாத ஜிடி-ஆர்தான் அரிது. இதற்குள்ளேயே 1990-ல் ரேஸ் அனுமதிக்காக 560 மட்டும் செய்த நிஸ்மோ, எடை குறைத்த என்1, 1994-ன் வி-ஸ்பெக் 2 எல்லாம் தனி ஜாதி, அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. சூப்ரா 1993-லிருந்து 2002 வரை ஓடினாலும், டர்போ, மேனுவல், ஒரிஜினல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது கிடைப்பது கஷ்டம், அது ஒன்றுதான் அதன் விலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

யார் வாங்குவார்கள் என்பதையும் யோசியுங்கள். அமெரிக்காவில் 25 வருடம் ஆன காரைத்தான் தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம். 2014-ல் முதல் ஜிடி-ஆர்களுக்கு அந்தக் கதவு திறந்ததும் ஜப்பானில் கேட்பாரற்றுக் கிடந்த ஆர்32-களுக்குத் திடீரென்று ஆள் வந்தது. சூப்ரா அங்கே 1998 வரை ஷோரூமிலேயே விற்றது, இடதுபக்க ஸ்டியரிங்கோடு. ஜிடி-ஆர் வலதுபக்கம் மட்டும்தான். நீங்கள் இருக்கும் நாட்டில் எந்தப் பக்கம் ஸ்டியரிங் வசதி, பதிவு செய்ய முடியுமா என்பதை விசாரிக்காமல் மாடலைப் பற்றி ராத்திரி முழுக்க விவாதிப்பதில் அர்த்தமில்லை. உதிரிபாகத்தில் இரண்டு கம்பெனியுமே பழைய பாகங்களை மறுபடி செய்ய ஆரம்பித்துவிட்டன. நிசான் 2017-ல் ஆர்32-க்குத் தொடங்கியது, டொயோட்டா அடுத்த சில வருடத்தில் சூப்ராவுக்கு. எல்லாமே கிடைக்காது, அதனால் விற்பவரிடம் காரை மட்டும் கேட்காதீர்கள். கழற்றி வைத்த ஒரிஜினல் சக்கரம், ஏர் பாக்ஸ், எக்ஸாஸ்ட், சூப்ராவின் அந்த வேக்குவம் குழாய்க் கூட்டம், பழைய ஸ்டியரிங், எல்லாம் எங்கே என்று கேளுங்கள். "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்றால் விலையில் கை வையுங்கள்.

நானாக இருந்தால், ஒரே பணத்தில் துருவில்லாத, லேசாக மாற்றிய ஜிடி-ஆரும், கைபடாத ஆட்டோமேட்டிக் டர்போ சூப்ராவும் நின்றால் ஜிடி-ஆரை எடுப்பேன், ஓட்டுவதற்கு. வாங்கி மூடிவைத்து பத்து வருடம் கழித்துத் திறக்கப் போகிற ஆள் நீங்கள் என்றால், கொஞ்சம் பொறுத்து, இன்னும் பணம் சேர்த்து, மேனுவல் ஆர்இசட்டில் ஒரிஜினலாக ஒன்று வரும்வரை காத்திருங்கள்.

கடைசியில் இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் ஓட்டுங்கள், முதலில் ஜிடி-ஆர், பிறகு சூப்ரா. சூப்ராவின் டார்க்கை முதலில் ருசித்துவிட்டால் ஜிடி-ஆர் 4,000-க்குக் கீழே தூங்குகிற மாதிரி தோன்றி, தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். ஓட்டி முடித்ததும் உடனே ஆஃப் செய்யாதீர்கள், டர்போ ஆற இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, இறங்கி, பானெட்டைத் திறந்து சும்மா நின்று கேளுங்கள். ஏதாவது தட்டும் சத்தம், எரிந்த ஆயில் வாசனை, எங்கிருந்தோ சொட்டும் ஒரு துளி, எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் வெளியே வரும். "போதும் சார், ஆஃப் பண்ணிடலாம்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னும் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.